போர்வெல் மோட்டார்: ஏரியா கடையா, ஆன்லைனா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

வணக்கம். எங்க குடியிருப்புக்கு 1.5 எச்பி சிங்கிள் பேஸ் சப்மெர்சிபிள் (தண்ணிக்குள்ளயே மூழ்கி ஓடுற) மோட்டார் வாங்கணும். 6 அங்குல போர், மோட்டார் 250 அடியில் உட்காரும். ஆன்லைனில் விலை குறைவு, ஏரியா எலக்ட்ரிக்கல் கடையில் கூடுதல்.

ஒப்பிடும்போது பேனல் போர்டு (மோட்டாரை ஆன், ஆஃப் பண்ற பெட்டி), கேபிள், கயிறு எல்லாத்தையும் சேர்த்துதான் கூட்டணும். ஆன்லைன் விலையில் இதெல்லாம் பெரும்பாலும் வராது. காசு மிச்சம்னு 2.5 சதுர மி.மீ. கேபிளுக்குப் பதிலா 1.5 போட்டா, அந்த ஆழத்துக்கு வோல்டேஜ் இறங்கி மோட்டார் உள்ளே இருக்கிற கம்பிச் சுருள் சூடாகும். வாட்டர் ஃபில்டு மோட்டாரில் நல்ல தண்ணீர் நிரப்பாம இறக்கினாலும் ஆபத்துதான். மோட்டாரைக் கிளப்பிவிடுற ஸ்டார்ட் கப்பாசிட்டர் போனா மோட்டார் உறுமும், ஓடாது, பேனல் ட்ரிப் ஆகும். பக்கத்துக் கடைன்னா அன்னிக்கே மாத்திடலாம், குடியிருப்பே தண்ணியில்லாம காத்திருக்க வேண்டாம்.

பல்பு, சுவிட்ச் எங்க மலிவோ அங்க வாங்கலாம். மோட்டார் அப்படியில்ல. வாரன்டி பொதுவா மோட்டாருக்குத்தான், மேலே தூக்கி இறக்குற கூலி நம்ம தலையில.

அந்தக் கூலியையும் வாரன்டி காலம் முழுக்க ஏத்துக்கிறதா பில்லிலேயே எழுதித் தந்த கடைக்காரர் யாருக்காவது அமைஞ்சாரா? அதுக்காக எத்தனை சதவீதம் வரை கூடக் கொடுத்தீங்க? ஞாயிறு கூட்டத்தில் முடிவெடுக்கணும், அதுக்குள்ள சொன்னா பெரிய உதவி.