புதுப்பிப்பு: லாரியில் ஆயில் கேட்ச் கேன் மாட்டியாச்சு

டர்போவுக்கு (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம்) போகிற ஹோஸ், அந்தக் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, கேட்ச் கேன் (இன்ஜின் புகையோடு வரும் எண்ணெயைப் பிடித்து வைக்கும் டப்பா) போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா, போட்டாச்சு. சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையில் அலசி, உள்ளே தடுப்பும் கம்பி வலையும் உள்ளதாகப் பார்த்து வாங்கினோம். வெறும் டப்பா என்றால் எண்ணெய்ப் புகை ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் அப்படியே போய்விடும், காசு தண்டம். பிரீதருக்கும் (இன்ஜினுக்குள் சேரும் புகை வெளியேறும் வழி) டர்போவின் காற்று வாய்க்கும் நடுவில், சூடு அதிகம் படாத இடத்தில் இருக்கிறது. ஹோஸ் விஷயத்தில் மெக்கானிக் அண்ணன் கறார்: "தண்ணி ஹோஸ் வேணாம் தம்பி, எண்ணெய் பட்டா ஊறி உப்பிடும்." உள்விட்டமும் பழைய குழாயைவிடக் குறையக்கூடாது, குறைந்தால் கிராங்க்கேஸில் (இன்ஜினின் அடிக்கூடு) அழுத்தம் ஏறி சீல் வழியே ஆயில் கசியும்.

எண்ணூர் துறைமுக வரிசையில் மணிக்கணக்காக ஐடிலில் நின்றுவிட்டு வந்து கேனை வடித்தால், கறுப்பு எண்ணெயோடு மோர் மாதிரி ஒரு கலவை. இன்ஜினைக் குளிரவைக்கும் கூலன்ட்தான் ஆயிலில் கலந்துவிட்டதோ என்று திக்கென்றது. கூலன்ட் அளவு குறையவில்லை, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கும் சுத்தம், குளிர்ந்து தண்ணீரான நீராவிதான். மழைக்காலத்தில் அடிக்கடி வடிக்கணும்.

அப்புறம், மைலேஜ் கூடுமா என்று கேட்டவர்களுக்கு: அதற்காக வாங்காதீர்கள். தேய்ந்த பிஸ்டன் ரிங்கையும் இது சரிசெய்யாது, கேன் சீக்கிரம் சீக்கிரம் நிறைந்தால் முதலில் இன்ஜினின் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தம்) சரியா என்று பாருங்கள்.