நேப்பியர் புல் எரிகட்டியின் சாம்பல் பாய்லரில் உருகிக் கட்டிபிடிக்கிறது – என்ன செய்யலாம்?

கண்மாய்க்கரை:
காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவே எங்களுக்குச் செம்மண் புஞ்சை. கிணற்றுப் பாசனத்தில் கோ 5 கம்பு நேப்பியர் தீவனப் புல் போட்டிருக்கிறோம். மாட்டுக்குப் போக மிச்சத்தைக் காயவைத்து, பிரிக்கெட் (அழுத்திச் செய்யும் எரிகட்டி) போடும் இடத்தில் கட்டியாக்கி ஓர் ஆலையின் பாய்லருக்கு அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாதிக் கட்டி வழியிலேயே உதிர்ந்துவிட்டதாம். எரிந்ததும் சாம்பல் உருகிக் கண்ணாடிபோல் கட்டிபிடிக்கிறதாம். சீமைக்கருவேலில் இந்தத் தொல்லை இல்லை என்கிறார்கள். புல்லே சரிப்படாதா?

பாய்லர்வாசி:
தம்பி, என்ன பருவத்தில் அறுத்தீர்கள்? எங்கே காயவைத்தீர்கள்? என்ன உரம்?

கண்மாய்க்கரை:
தீவனத்துக்கு அறுக்கும் இளம் பருவம்தான் அண்ணே. மண் களத்தில் பரப்பிக் காயவைத்தோம். அறுப்புக்கு அறுப்பு யூரியாவும் பொட்டாஷும் உண்டு.

பாய்லர்வாசி:
அப்படியானால் புல்லைக் குறை சொல்ல வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்றிலுமே விஷயம் இருக்கிறது.

இளம் புல்லில் இலை அதிகம். இலையில்தான் சிலிக்காவும் (மணலில் இருக்கும் அதே பொருள்) சாம்பலும் கூடுதல். பொட்டாசியம் சிலிக்காவோடு சேர்ந்தால் குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். அதைத்தான் நாங்கள் கிளிங்கர் என்போம். களத்துச் செம்மண் ஒட்டினால் சாம்பல் இன்னும் ஏறும்.

கடையில் வாங்கும் சாதாரண பொட்டாஷ் மூரியேட், அதாவது பொட்டாசியம் குளோரைடு. புல் இரண்டையுமே இழுத்துக்கொள்ளும். குளோரின் பாய்லர் குழாயை அரிக்கும் என்பதால் ஆலைக்காரர்கள் அதற்கு ரொம்பப் பயப்படுவார்கள். சல்பேட் பொட்டாஷுக்கு மாறினால் குளோரின் குறையும், பொட்டாசியம் குறையாது. அதனால் மண் பரிசோதனை பார்த்துத் தேவையான அளவு மட்டும் போடுங்கள். குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

கட்டி உதிர்வதற்குப் பெரும்பாலும் ஈரம்தான் காரணம். அறுக்கும்போது நேப்பியரில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். இலை சருகானதும் காய்ந்ததுபோல் தோன்றும், தட்டைக் கணுவுக்குள் ஈரம் அப்படியே நிற்கும். சாஃப் கட்டரில் (தீவனம் நறுக்கும் இயந்திரம்) பொடியாக நறுக்கிய பிறகு தார்ப்பாயில் காயவையுங்கள். 100 கிராம் எடுத்து, மின் ஓவனில் 105 டிகிரியில் எடை மேலும் குறையாமல் நிற்கும் வரை வையுங்கள். 88 கிராம் நின்றால் ஈரம் 12 சதவீதம். 10-க்கும் 15-க்கும் நடுவே இருந்தால் அழுத்தும் சூட்டில் லிக்னின் (தட்டைக்கு உறுதி தரும் பொருள்) இளகிக் கட்டியைப் பிடித்துக்கொள்ளும். ரொம்பக் காய்ந்தாலும் உதிரும்.

கண்மாய்க்கரை:
எப்போது அறுப்பது அண்ணே? ஐப்பசி, கார்த்திகையில் காயவைக்க வெயிலே கிடைப்பதில்லை.

பாய்லர்வாசி:
அந்த மழையில் வளரவிடுங்கள். எரிக்கிற பாத்தியைத் தனியாக ஒதுக்கி முற்றவிட்டு, மாசி வெயிலில் அறுங்கள். முற்றினால் தட்டை கூடும், இலை உதிரும், சாம்பல் குறையும். அறுத்துப் போட்டதன்மேல் ஒரு கோடை மழை பெய்தால் பதறாதீர்கள். பொட்டாசியமும் குளோரினும் கரைந்து போகும், அது நல்லதுதான். மறுபடி நன்றாகக் காய வேண்டும், அவ்வளவுதான். இத்தனை செய்தாலும் கருவேல விறகின் அளவுக்குச் சாம்பல் குறையாது. முதலில் விறகோடு கலந்து எரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தேவகோட்டை ஆச்சி:
தம்பி, இளம் புல்லை ஏன் நெருப்பில் போடுகிறீர்கள்? அது சாண எரிவாயுத் தொட்டிக்கு ஏற்ற பொருள். முற்றிய தட்டையின் லிக்னினைக் காற்றில்லாத தொட்டியின் நுண்ணுயிரால் கரைக்க முடியாது, இளசு சீக்கிரம் கரையும். சாணத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் தொட்டி புளித்து வாயு நின்றுவிடும். நீளமாகப் போட்டால் மேலே மிதந்து ஏடு கட்டும், நன்றாக நறுக்கியே போட வேண்டும். வெளிவரும் கழிவை வயலில் விட்டால் புல் எடுத்த பொட்டாஷும் மண்ணுக்கே திரும்பும், கடையில் வாங்குவது குறையும்.

கண்மாய்க்கரை:
நன்றி ஆச்சி, நன்றி அண்ணே. கிணற்றோரப் பாத்திகளைத் தீவனத்துக்கும் தொட்டிக்கும் வைத்துக்கொண்டு, மேட்டுப் பாத்திகளை மாசி வரை விடுகிறேன். ஆச்சி, எங்களிடம் மூன்று மாடுதான். அந்தச் சாணத்துக்கு எவ்வளவு புல் சேர்க்கலாம்?

தேவகோட்டை ஆச்சி:
தொடக்கத்தில் பத்துக் கூடை சாணத்துக்கு ஒரு கூடை நறுக்கிய புல் போதும். அடுப்பில் நீலச் சுடர் நிலைத்து எரிகிறதா என்று சில வாரம் பார்த்துவிட்டு அப்புறம் கூட்டுங்கள்.