வடக்கு வீதி வீட்டார் குழு: ஹோப் தெருவில் நாற்காலி

2025 ஜூலை 4, வெள்ளி

நான்: எல்லோருக்கும் வணக்கம். இங்கே அமெரிக்காவில், எங்கள் பிரிஸ்டல் ஊரில், விடிகாலை 5 மணி 10 நிமிடம். நாற்காலி போட்டாயிற்று! ஹோப் தெருவில், பெரிய மேப்பிள் மரத்தடியில், வரிசையாக ஐந்து.

அம்மா: 5 மணிக்கே எழுந்து நாற்காலி எதற்குப் போட்டாய்? குழந்தைகள் எங்கே?

நான்: குழந்தைகள் அப்பாவோடு வீட்டில் தூங்குகிறார்கள் அம்மா. சுதந்திர தின அணிவகுப்பு 10:30க்குத்தான். ஆனால் ஜூலை 4 காலை 5 மணிக்கு முன்னால் தெருவோரத்தில் யாரும் நாற்காலி, போர்வை எதுவும் போட்டு இடம் பிடிக்கக் கூடாது என்று இந்த ஊரில் விதி இருக்கிறது. அதனால் 5 மணிக்கு ஊரே மடக்கு நாற்காலியோடு தெருவுக்கு வந்துவிடுகிறது. சூரியன்கூட இன்னும் எழவில்லை, எங்கே பார்த்தாலும் நாற்காலி விரிக்கிற சத்தம், ஒருவருக்கொருவர் காலை வணக்கம். போட்டுவிட்டு அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம், யாரும் எடுத்து நகர்த்த மாட்டார்கள்.

அத்தை: நம் திருவாரூரில் ஆழித்தேர் அன்றைக்குக் கீழவீதித் திண்ணையில் துண்டைப் போட்டு இடம் பிடிப்போமே, அதே கதைதான்!

நான்: அதேதான் அத்தை. எனக்கும் அந்தத் திண்ணைதான் ஞாபகம் வந்தது.

தம்பி: அக்கா, அமெரிக்கா முழுக்கத்தானே இன்றைக்குச் சுதந்திர தினம்? உங்கள் ஊரில் மட்டும் என்ன இவ்வளவு விசேஷம்?

நான்: அதைத்தான் சொல்ல வந்தேன். ரோட் ஐலண்டில் பிரிஸ்டல் என்பது சின்ன ஊர், இருபத்திரண்டாயிரம் பேர் இருப்பார்கள். ஆனால் 1785இல் இருந்து ஒரு வருடம்கூட விடாமல் ஜூலை 4 கொண்டாடுகிற ஊர் இது. நாட்டிலேயே இடைவிடாமல் நடக்கும் மிகப் பழைய ஜூலை 4 விழா இதுதான். இந்த வருடம் 240ஆவது. சுதந்திரப் போரில் சண்டை போட்ட ஹென்றி வைட் என்ற பாதிரியார் ஆரம்பித்து வைத்தது. இன்னொன்று, இந்த நாட்டில் பொதுவாகச் சாலை நடுவில் மஞ்சள் கோடுதானே போடுவார்கள்? இங்கே அணிவகுப்பு போகிற வழி முழுக்க நடுக்கோடே சிவப்பு, வெள்ளை, நீலம்தான். வருடம் முழுக்க அப்படியே இருக்கும். ஜனவரியில் பனி விலகும்போது அடியில் இருந்து அந்த மூன்று நிறம் எட்டிப் பார்க்கும்போது மனதுக்கு என்னவோ செய்யும்.

பெரிய மாமா: 1785 என்றால் அவர்களுக்கு அரசியல் சாசனமே எழுதப்படவில்லை. அது 1787. அதற்கும் முந்தைய விழா! நல்ல ஊரில்தான் இருக்கிறாய் கண்ணு.

நான்: மாமா, நீங்கள் எப்போது வாய் திறப்பீர்கள் என்று காத்திருந்தேன்!

பெரிய மாமா: முப்பது வருடம் வரலாறு பாடம் எடுத்தவனைத் தூண்டிவிட்டால் சும்மா இருப்பேனா. 1776 ஜூலை 4 சுதந்திரப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்ட நாள். கையெழுத்தில் பெரும்பகுதி ஆகஸ்ட் 2இல்தான் விழுந்தது. விடுதலைத் தீர்மானம் நிறைவேறியது ஜூலை 2. அந்த நாளைத்தான் வருங்காலத்தில் ஊர்வலம் வைத்துத் தீ மூட்டி விளக்கேற்றிக் கொண்டாடுவார்கள் என்று, பின்னாளில் அந்த நாட்டின் இரண்டாவது ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸ் தன் மனைவிக்குக் கடிதம் எழுதினார். நாள் இரண்டு தள்ளிப் போய்விட்டது, கொண்டாட்டம் மட்டும் அவர் சொன்னபடியே நடக்கிறது.

நான்: நேற்று இரவு இங்கே துறைமுகத்தில் வாணவேடிக்கை மாமா. தண்ணீரில் படகுகள் நிற்க, ஒவ்வொரு வெடிக்கும் படகுக்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். சின்னவன் காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை மட்டும் மூடவே இல்லை.

அம்மா: சாப்பிட என்ன செய்தாய்?

நான்: எலுமிச்சை சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். எல்லாம் அடுக்கு டிபன் கேரியரில். ஐந்தாவது நாற்காலி யாருக்கு என்று யாரும் கேட்கவில்லையே? பக்கத்து வீட்டு அம்மாளுக்கு.

அம்மா: முதல் வருடம் தண்ணீர் கொடுத்தாரே, அவரா?

நான்: ஆமாம். நாங்கள் இங்கே வந்த முதல் வருடம் நாற்காலி விஷயம் எதுவும் தெரியாமல் பத்து மணிக்குப் போய் நின்றோம். முன்னால் நாலு வரிசை. வெயில் வேறு. சின்னவன் அழ ஆரம்பித்துவிட்டான், அது அவர்கள் விழா, நமக்கு என்ன வேலை, திரும்பிப் போகலாம் என்று எனக்கே தோன்றிவிட்டது. அப்போது அந்த அம்மாள் கூப்பிட்டு, தன் பேரனை எழுப்பிப் புல்லில் உட்காரவைத்துவிட்டு, அந்த இடத்தில் சின்னவனை உட்காரவைத்தார். ஒரு பாட்டில் தண்ணீரும் கொடுத்தார். எண்பது வயது, பிறந்ததில் இருந்து ஒரு அணிவகுப்பையும் விட்டதில்லையாம். இந்த வருடம் அவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது, 5 மணிக்கு வர முடியாது. அதனால் அவர் நாற்காலியை நான் போட்டேன்.

அம்மா: நல்ல காரியம் செய்தாய்.

அத்தை: அந்த அம்மாளுக்கு என் நமஸ்காரம் சொல்.

பெரிய மாமா: கயல், அணிவகுப்பு தொடங்குவதற்கு முன்னால் ஒரு விஷயம். உங்கள் ஊரை 1775 அக்டோபரில் ஆங்கிலேயக் கப்பல்கள் பீரங்கியால் சுட்டன, தெரியுமா?

நான்: தெரியும் மாமா! பெரியவள் பள்ளியில் படித்துவிட்டு வந்து சொன்னாள். கப்பற்படைத் தலைவன் ஆடு மாடு கேட்டு மிரட்டினானாம், கடைசியில் ஊர்க்காரர்கள் 40 ஆடு கொடுத்து அனுப்பினார்களாம்.

பெரிய மாமா: அந்த ஆங்கிலேயர்கள்தானே நம் கழுத்திலும் கால் வைத்தார்கள். 1773இல் பாஸ்டனில் கடலில் கொட்டிய தேயிலை கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. 1781இல் யார்க்டவுனில் அமெரிக்கர்களிடம் சரணடைந்த ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ், ஐந்தே வருடத்தில் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்து, 1792இல் திப்பு சுல்தானின் இரண்டு பிள்ளைகளைப் பிணையாகப் பிடித்துக்கொண்டான். அங்கே தோற்றவன் இங்கே வந்து ஜெயித்தான். அவன் சிலை சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பீடத்தில் அந்தப் பிள்ளைகளை ஒப்படைக்கும் காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். பார்க்கும்போது வயிறு எரியும்.

தம்பி: கோட்டைக்குள் எத்தனை முறை போயிருக்கிறேன், பீடத்தைக் குனிந்து பார்த்ததே இல்லை மாமா. ஞாயிற்றுக்கிழமை போய்ப் படம் எடுத்துப் போடுகிறேன்.

நான்: பெரியவளிடம் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இரண்டு நாட்டுக்கும் பொதுவாக ஒரு ஆள் இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியாது.

(10:41)

நான்: ஆரம்பித்துவிட்டது!!

நான்: கடல் காற்று நன்றாக வருகிறது. வெயில் தெரியவில்லை.

தம்பி: படம் அனுப்பு அக்கா.

நான்: அனுப்புகிறேன், கொஞ்சம் பொறு, கையில் டெல்ஸ் எலுமிச்சைப் பனிச்சாறு. ரோட் ஐலண்டுக்காரர்கள் இதை உறிஞ்சுகுழல் இல்லாமல் கோப்பையை அழுத்தி அழுத்தித்தான் குடிப்பார்கள், நாங்களும் கற்றுக்கொண்டோம்.

(12:55)

நான்: மன்னிக்கவும், போனை எடுக்கவே தோன்றவில்லை. இப்போது வரிசையாகச் சொல்கிறேன். முதலில் முரசுக் குழுக்கள். அம்மா, தூரத்தில் வரும்போது ஏதோ மழை வருகிற மாதிரி ஒரு சத்தம், பக்கத்தில் வந்ததும் நெஞ்சுக் கூட்டுக்குள் அடிக்கிறது. நாற்பது ஐம்பது பேர் ஒரே கை மாதிரி அடிக்கிறார்கள். நம் ஊர் தவில்காரர்கள் தனி வாசிக்கும்போது எதிரில் உட்கார்ந்திருந்தால் காற்று அசையுமே, அப்படி. பெரியவள் குனிந்து உள்ளங்கையைச் சாலையில் வைத்துப் பார்த்துவிட்டு, அம்மா கோடு அதிர்கிறது என்றாள். நானும் வைத்தேன். நீலக் கோடு, வெயிலில் சூடாக, அதிர்ந்துகொண்டிருந்தது.

அத்தை: அடடா.

நான்: அப்புறம் 1776இல் தொடங்கிய உள்ளூர்ப் படை ஒன்று, டிரெயின் ஆஃப் ஆர்ட்டிலரி என்று பெயர், அந்தக் காலத்து உடையிலேயே வந்தார்கள். தீயணைப்பு வண்டிகள். பள்ளிப் பிள்ளைகள். போர்ச்சுகல் தீவுகளில் இருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இங்கே நிறைய. எங்கள் வரிசையிலும் ஒரு குடும்பம் இருந்தது, அவர்கள் இனிப்பு ரொட்டி கொடுத்தார்கள், நாங்கள் எலுமிச்சை சாதம் கொடுத்தோம். அந்த வீட்டுத் தாத்தா கடலைப்பருப்பை ஒவ்வொன்றாக மென்று பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி கேட்டார் அம்மா.

அம்மா: பெருங்காயம் போட்டாய்தானே?

நான்: போட்டேன் போட்டேன்.

நான்: அதற்குப் பிறகு ஒரு திறந்த காரில் பழைய போர்வீரர் ஒருவர். மிக வயதானவர், மடியில் ஒரு தொப்பி. கார் வர வர அந்தந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் தானாக எழுந்து நிற்கிறார்கள், யாரும் சொல்லவில்லை. எங்கள் இடம் வந்ததும் நாங்களும் எழுந்தோம். பக்கத்து வீட்டு அம்மாள் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார், நீங்கள் உட்காருங்கள் என்றேன். கேட்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு முழங்கால் நடுங்க நின்றார். அவருடைய கணவரும் படையில் இருந்தவராம், இதே தெருவில் நடந்து போனவராம். கார் தாண்டிப் போன பிறகும் கொஞ்ச நேரம் தோளில் இருந்து கையை எடுக்கவில்லை.

அம்மா: படிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வருகிறது.

பெரிய மாமா: உங்கள் தாத்தா ஆகஸ்ட் 15 அன்றைக்குக் கதர் ஜிப்பா போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக் கொடியேற்றத்துக்குப் போவார். யாரும் அழைக்கமாட்டார்கள், அவராகவே போய்ப் பிள்ளைகளுக்குப் பின்னால் நிற்பார்.

நான்: அவர் பையில் இருந்து ஆரஞ்சு மிட்டாய் தருவாரே மாமா. அது ஞாபகம் இருக்கிறது.

தம்பி: அக்கா, ஒன்று கேட்கலாமா? அந்த ஊர் அடிமை வியாபாரத்தில் பேர் போன ஊர் என்று எங்கேயோ படித்தேன். சுதந்திர தினம் கொண்டாடும்போது அதைப் பற்றிப் பேசுவார்களா?

நான்: நல்ல கேள்வி. உண்மைதான். டிவுல்ஃப் என்ற குடும்பம் அடிமைக் கப்பல்களில் சம்பாதித்தது. அந்தப் பணத்தில் 1810இல் கட்டிய லிண்டன் பிளேஸ் என்ற வெள்ளை மாளிகை இதே ஹோப் தெருவில் நிற்கிறது, அணிவகுப்பு அதன் வாசல் வழியாகத்தான் போகிறது. போன வருடம் பெரியவள் அந்த வீடு எவ்வளவு அழகு என்றாள். நான் உடனே சொல்லிவிட்டேன், யார் பணத்தில் கட்டியது என்று. அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், அப்படியானால் அவர்களுக்குச் சுதந்திரம் எப்போது வந்தது என்று கேட்டாள். பிரகடனத்துக்கு 89 வருடம் கழித்து, 1865இல் என்றேன். விழாவை ரசிக்கும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மறைத்துவிட்டு முரசு மட்டும் கேட்டால் அது பாதி வரலாறு.

பெரிய மாமா: சரியாகச் செய்தாய். பிள்ளை கேட்ட கேள்வி பாடப்புத்தகத்தில் வர வேண்டிய கேள்வி.

அம்மா: எனக்கு ஒரு கவலை. குழந்தைகள் இதை இவ்வளவு கொண்டாடினால், நம் ஆகஸ்ட் 15 அவர்களுக்கு ஏதோ வேற்று நாட்டு நாள் ஆகிவிடாதா?

நான்: எனக்கும் அந்தப் பயம் இருந்தது அம்மா. ஆனால் இன்றைக்கு நடந்ததைக் கேள். அணிவகுப்பு முடிந்து நாற்காலி மடக்கும்போது சின்னவன், நம் ஊருக்கு எப்போது அணிவகுப்பு என்று கேட்டான். ஆகஸ்ட் 15 என்றேன். அப்படியானால் அந்த அம்மாளுக்கு அன்றைக்கு நாம் நாற்காலி போட வேண்டும் என்று சொல்லிவிட்டான். தெருவில் இல்லை, எங்கள் வீட்டு வாசலில்தான். கேசரி கிண்டி, காகிதக் கொடி கட்டி, மாமாவை வீடியோவில் கூப்பிட்டுக் கார்ன்வாலிஸ் கதை சொல்லவைக்கலாம் என்று இருக்கிறேன்.

பெரிய மாமா: சொல்கிறேன். திப்புவின் பிள்ளைகள் கதையையும் வேலு நாச்சியார் கதையையும் சேர்த்துச் சொல்கிறேன். குழந்தைக்குத் தூக்கம் வராது.

அத்தை: கேசரியில் முந்திரி தாராளமாகப் போடு.

நான்: இன்னும் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். இந்த ஊரைவிட்டு வெளியே போனவர்களில், விழாவுக்காக எவ்வளவு தூரத்தில் இருந்து வந்தார்கள் என்று பார்த்து, மிகத் தூரத்தில் இருந்து வந்தவருக்கு ஒரு விருது கொடுக்கிறார்கள். அதைக் கேட்டதும் நம் தேர் ஞாபகம் வந்துவிட்டது. சிங்கப்பூரில் இருந்தும் துபாயில் இருந்தும் வடம் பிடிக்க வருவார்களே. நான் தேருக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது.

அம்மா: அடுத்த பங்குனிக்கு வாயேன்.

நான்: வருகிறேன் அம்மா. டிக்கெட் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். நீயும் ஜூலைக்கு இங்கே வர வேண்டும். அடுத்த வருடம் பிரகடனத்துக்கு 250 வருடம், ஊரே இப்போதிருந்தே அதைப் பற்றித்தான் பேசுகிறது.

அம்மா: எனக்குக் காலை மடக்கி உட்கார முடியாது, தெரியும்தானே.

நான்: உயரமான நாற்காலியாகப் பார்த்து வாங்கி வைக்கிறேன். 5 மணிக்கு நானே போட்டுவிடுவேன், நீ 10 மணிக்கு வந்தால் போதும்.

அம்மா: இல்லை இல்லை, 5 மணிக்கே நானும் வருகிறேன். ஊரே தெருவுக்கு வருவதைப் பார்க்க வேண்டாமா?

தம்பி: அக்கா, படம் இன்னும் வரவில்லை.

நான்: இதோ, பெரியவள் கோட்டில் கை வைத்திருக்கிறாள் பார். பின்னால் தெரிவது அந்த அம்மாளின் கைத்தடி.