472-ஐ 400 ஜெயிக்குமா? ஐஎஸ் 500, க்யூ50, டிஎல்எக்ஸ்: ஓர் எஞ்சின் வாக்குவாதம்

சுழலி:
இரண்டு நாளாக மண்டையைக் குடைகிற விஷயம் இது. மூன்று ஸ்போர்ட்ஸ் செடான்கள். லெக்சஸ் ஐஎஸ் 500-இல் 5.0 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்), டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் விசிறி) கிடையாது, 472 குதிரைத்திறன். இன்ஃபினிட்டி க்யூ50 ரெட் ஸ்போர்ட் 400-இல் 3.0 லிட்டர் வி6, இரட்டை டர்போ, 400. அக்யூரா டிஎல்எக்ஸ் டைப் எஸ்-இலும் 3.0 லிட்டர் வி6-தான், ஒற்றை டர்போ, 355. காகிதத்தில் லெக்சஸ்தான் ராஜா. ஆனால் அந்த 472 எங்கே கிடைக்கிறது? 7,100 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 7,100 சுற்றில். அங்கே தினமும் யார் போகிறார்கள்? க்யூ50-இன் 475 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் இழுவை, 1,600-இலேயே முழுசாக வந்துவிடுகிறது, 5,200 வரை அசையாமல் நிற்கிறது. டிஎல்எக்ஸில் 480, அதுவும் 1,400 முதல் 5,000 வரை. லெக்சஸ் தன் 535-ஐக் காட்ட 4,800 வரை காத்திருக்க வேண்டும். உச்ச எண்ணை வைத்து வண்டியை எடை போடுவது ஏமாற்று வேலை என்பது என் கட்சி. நிஜத்தில் டர்போ வி6-தான் முந்தும். மறுப்பவர்கள் வரலாம்.

எட்டு சிலிண்டர்:
வந்துவிட்டேன் தம்பி. உன் வாதத்தில் பாதி உண்மை. மீதிப் பாதி, டர்போ விளம்பரத்தில் தட்டையாக ஒரு கோடு போட்டிருப்பார்களே, அதைப் பார்த்து மயங்கியது. டார்க் சீக்கிரம் வருவது நகர நெரிசலில் சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் நீ பேசுவது ஸ்போர்ட்ஸ் செடானைப் பற்றி. முழுசாக மிதிக்கும்போது 8 கியர் ஆட்டோமேட்டிக் தானே இரண்டு கியர் இறக்கி எஞ்சினை 5,000-க்கு மேலே கொண்டுபோய் நிறுத்திவிடும். அதற்கப்புறம் உன் 1,600 கதைக்கு அங்கே வேலையே இல்லை.

சுழலி:
இறக்குகிற அந்த நேரம் கணக்கில் வராதா அண்ணா? டர்போ வண்டி அதே கியரில் இழுத்துக்கொண்டு போய்விடும்.

எட்டு சிலிண்டர்:
டர்போ சுழன்று பூஸ்ட், அதாவது காற்றழுத்தம், ஏறுகிற நேரம் மட்டும் கணக்கில் வராதோ?

கணக்கப்பிள்ளை:
இருவரும் கொஞ்சம் நிறுத்துங்கள், எண்ணைப் போட்டுப் பார்ப்போம். நியூட்டன் மீட்டரை ஆர்பிஎம்மால் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். அதை 0.7457-ஆல் வகுத்தால் குதிரைத்திறன்.

4,800 ஆர்பிஎம்மில் க்யூ50: 475 நியூட்டன் மீட்டர், கிட்டத்தட்ட 320 குதிரைத்திறன். அதே 4,800-இல் ஐஎஸ் 500: 535, அதாவது 361. சுழலி சொன்ன அந்தத் தட்டைக் கோட்டுக்கு உள்ளேயே, டர்போவின் சொந்த வீட்டிலேயே, வி8 நாற்பது குதிரை முன்னால் நிற்கிறது.

இன்னொன்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. 472 குதிரைத்திறன் 7,100-இல் என்றால் அந்த இடத்தில் டார்க் எவ்வளவு? திருப்பிப் போட்டால் 473. க்யூ50-இன் உச்ச டார்க்கே 475-தான். அதாவது வி8 மூச்சு வாங்குகிற கடைசி நொடியில் கொடுக்கிற இழுவையும், டர்போ வி6 தன் வாழ்நாளில் கொடுக்கிற அதிகபட்ச இழுவையும் ஏறக்குறைய ஒன்று. க்யூ50 தன் 400-ஐத் தொடுகிற 6,400-க்குப் போனால் அதன் டார்க் 445-க்கு இறங்கியிருக்கும்.

சுழலி:
இந்த 473 விஷயம் எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 4,800-க்குக் கீழே என்ன நடக்கிறது என்று நீங்களும் சொல்லவில்லையே. அப்புறம் இன்னொரு எஞ்சினைக் கொண்டுவருகிறேன். க்யூ50-இல் இருக்கிற அதே விஆர்30, ஜப்பானில் நிஸான் ஸ்கைலைனில் இருக்கிறது. 300 ரகம், 400 ரகம், கடைசியாக 2023-இல் வந்த ஸ்கைலைன் நிஸ்மோவில் 420 குதிரை, 550 நியூட்டன் மீட்டர், அதுவும் 2,800-இலிருந்து 4,400 வரை. 550 பெரிதா, 535 பெரிதா? அதே 3.0 லிட்டர், அதே ஆறு சிலிண்டர், பூஸ்டைக் கூட்டினால் போதும். டர்போ இல்லாத வி8-இல் இப்படிக் கூட்ட முடியுமா? அங்கே ஒவ்வொரு குதிரைக்கும் ரத்தம் சிந்த வேண்டும். 2008 வாக்கில் வந்த ஐஎஸ் எஃப்-இல் 416, பிறகு ஜிஎஸ் எஃப்-இல் 467, ஐஎஸ் 500-இல் 472. ஏறக்குறைய பதினைந்து வருடத்தில் 56 குதிரை.

கணக்கப்பிள்ளை:
ஒரு சின்ன திருத்தம். அந்த 420, ஜப்பான் கணக்கில் பிஎஸ். ஒரு பிஎஸ் என்பது 735.5 வாட், அமெரிக்கக் குதிரைத்திறன் 745.7 வாட். மாற்றினால் 414. ஸ்கைலைன் 400ஆர்-இன் 405 பிஎஸ்ஸும் க்யூ50-இன் 400-ம் ஒன்றேதான், இரண்டையும் பக்கத்தில் வைத்து "ஜப்பானுக்கு மட்டும் கூடுதலாகக் கொடுத்துவிட்டார்கள்" என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மற்றபடி நிஸ்மோ வாதம் செல்லும். 4,400-இல் 340 குதிரைத்திறன் வருகிறது.

பழைய இரும்பு:
எண்ணை நம்பிச் சண்டை போடுகிற உங்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. எண்ணே பொய் சொன்ன காலம் ஒன்று இருந்தது. 1989-இலிருந்து 2004 வரை ஜப்பானியக் கம்பெனிகள் தங்களுக்குள் ஓர் எழுதாத ஒப்பந்தம் வைத்திருந்தன: உள்நாட்டு வண்டி எதற்கும் 280 பிஎஸ்ஸுக்கு மேல் அறிவிக்கக் கூடாது. டொயோட்டா சேஸர் டூரர் வி-இல் 2.5 லிட்டர் 1ஜேஇசட் எஞ்சின், 280. அரிஸ்டோவில் 3.0 லிட்டர் 2ஜேஇசட், அதுவும் 280. அரை லிட்டர் கூடுதல், ஒரு குதிரைகூடக் கூடவில்லையாம்! அதே 2ஜேஇசட் குடும்ப எஞ்சினுக்கு அமெரிக்காவில் விற்ற டொயோட்டா சுப்ராவில் 320 என்று எழுதினார்கள். டர்போவும் எரிபொருள் இன்ஜெக்டரும் கொஞ்சம் வேறு, அது சரி. ஆனாலும்.

வேடிக்கை என்னவென்றால், ஒப்பந்தம் பவருக்கு மட்டும்தான். டார்க்கை மறைக்க யாரும் சொல்லவில்லை. அதனால் பூனை அங்கேதான் வெளியே வந்தது: சேஸரில் 378 நியூட்டன் மீட்டர், அரிஸ்டோவில் 451. தெரிந்தவர்கள் விற்பனைத் தாளில் 280-ஐப் பார்க்கவே மாட்டார்கள், நேராகக் கீழே இருக்கிற டார்க் வரிக்குப் போவார்கள். 2004-இல் ஹோண்டா லெஜண்ட் 300 பிஎஸ் என்று வெளிப்படையாக அறிவித்த பிறகுதான் இந்த நாடகம் முடிந்தது.

சுழலி:
பார்த்தீர்களா, டார்க்தான் உண்மை பேசியது! என் பக்கம் ஒரு பெரியவர்.

பழைய இரும்பு:
உன் பக்கமும் இல்லை, யார் பக்கமும் இல்லை. லெஜண்ட் கதையின் மிச்சத்தையும் கேள். அதே வண்டி அமெரிக்காவில் அக்யூரா ஆர்எல். அங்கே 300 குதிரைத்திறன் என்று விற்றார்கள். எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு பவரை அளக்கிற முறையை இறுக்கியதும் 290 ஆகிவிட்டது. அக்யூராவின் டிஎல் வண்டி 270-லிருந்து 258. எஞ்சினில் ஒரு திருகாணியைக்கூட யாரும் தொடவில்லை.

எட்டு சிலிண்டர்:
அருமை. சரி, இத்தனை நேரம் டிஎல்எக்ஸை யாரும் கண்டுகொள்ளவில்லை, பாவம். அதன் 480 நியூட்டன் மீட்டர் நல்ல எண்தான், 10 கியர் வேறு. ஆனால் நான்கு சக்கர இழுவையோடு எடை 1,900 கிலோவைத் தாண்டுகிறது. ஐஎஸ் 500 சுமார் 1,765. டன்னுக்குக் கணக்குப் போட்டால் லெக்சஸில் 267 குதிரை, அக்யூராவில் 187-ஐத் தாண்டாது. ஈரச் சாலையில் கிளம்பும்போது அக்யூரா சிரிக்கும், அதற்கப்புறம் எல்லாம் வி8-இன் முதுகைத்தான் பார்க்க வேண்டும்.

சுழலி:
டிஎல்எக்ஸை விட்டுவிட்டேன். ஆனால் மலைக்கு வாருங்கள் அண்ணா. 1,000 மீட்டர் ஏறினால் டர்போ இல்லாத எஞ்சின் பத்தில் ஒரு பங்கு பவரை இழக்கும், காற்று அவ்வளவு மெலிந்துவிடும். 472-இல் 47 போனால் மிச்சம் 425. 2,000 மீட்டரில் இன்னும் மோசம். டர்போ வேகமாகச் சுழன்று அந்தக் காற்றுப் பஞ்சத்தைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். ரெட் ஸ்போர்ட்டில் டர்போவின் சுழற்சி வேகத்தை அளக்கத் தனி சென்சாரே வைத்திருக்கிறார்கள், கடைசிச் சொட்டு வரை பிழியலாம் என்பதற்காகத்தான்.

எட்டு சிலிண்டர்:
மலை ஏறிக் கொஞ்சம் தோற்கிறேன், சரி. நீ வெயிலுக்கு வா. டர்போ அழுத்திய காற்று சூடாகும், அதைத் தண்ணீரால் குளிர்விக்கிறது உன் க்யூ50. முதல் ஓட்டம் பிரமாதமாக இருக்கும். விடாமல் நான்கைந்து முறை முழுசாக மிதித்தால் அந்தத் தண்ணீரே சூடாகி, கம்ப்யூட்டர் பவரைக் குறைக்கத் தொடங்கும். இதற்காகவே ரெட் ஸ்போர்ட்டில் கூடுதலாக ஒரு பம்ப் போட்டிருக்கிறார்கள் என்றால் பிரச்சினை எவ்வளவு நிஜம் என்று பார்த்துக்கொள். வெயில் வி8-ஐயும் கொஞ்சம் தின்னும், ஆனால் ஐந்தாவது ஓட்டமும் முதல் ஓட்டம் மாதிரியே இருக்கும்.

கணக்கப்பிள்ளை:
சுழலி, நீங்கள் முதலில் எழுதியதில் எதை இன்னும் வைத்துக்கொள்கிறீர்கள்? எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

சுழலி:
"டர்போ வி6-தான் முந்தும்" என்பதை எடுத்துவிடுகிறேன். 361-க்கும் 320-க்கும் பதில் இல்லை. "3,000-க்குக் கீழே, கியரை மாற்றாமல், லேசாக மிதித்தால் டர்போவே சுகம்" என்று திருத்தி வாசியுங்கள். நிஸ்மோவையும் மலையையும் மட்டும் விட்டுத்தர மாட்டேன்.

எட்டு சிலிண்டர்:
வைத்துக்கொள் தம்பி. 3,000-க்குக் கீழே நான் எந்த எஞ்சினையும் கேட்டுக்கொண்டிருப்பதில்லை.