கனடாவுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு: முதல் குளிர்காலத்திலேயே சறுக்கப் போங்கள்

மலேசியாவில் நம்ம சுங்கை சிப்புட் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இப்போது குடும்பத்தோடு டொரொண்டோ போயிருக்கிறார்கள். நம்ம குழுவில் அவர்கள் எழுதிக் கேட்கும் கேள்விகளைப் படித்துக்கொண்டுதான் வருகிறேன். வேலை, வாடகை, ஹெல்த் கார்டு, பள்ளிக்கூடம் என்று எல்லாவற்றுக்கும் நல்ல பதில்கள் வந்திருக்கின்றன. குளிர்காலம் என்று வந்தால் மட்டும் பேச்சு ஜாக்கெட்டோடு நின்றுவிடுகிறது. எந்த ஜாக்கெட், எங்கே மலிவு, அவ்வளவுதான். அதைப் போட்டுக்கொண்டு பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது என்று ஒருவரும் கேட்கக் காணோம். கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: பனியில் உட்கார்ந்து சறுக்கும் ஸ்லெட் ஒன்றை வாங்கிக்கொண்டு குன்றுக்குப் போங்கள்.

நான் டொரொண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு, அம்மாவுக்கு முடியவில்லை என்பதால் ஊருக்கே திரும்பி வந்தவள். இதை எழுதும்போது தலைக்கு மேல் காற்றாடி ஓடுகிறது, வெளியே 33 டிகிரி. பிள்ளைகள் அங்கேயே இருக்கிறார்கள். சின்ன வயதைப் பற்றிப் பேச்சு வந்தால், மாதக்கணக்கில் காசு சேர்த்துக் கூட்டிப்போன நயாகராவைப் பற்றி இரண்டு பேரும் வாயைத் திறப்பதில்லை. அப்பா ஸ்லெட்டில் "முருகா!" என்று கத்திக்கொண்டே போய்ப் பனிமேட்டில் புதைந்ததைத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஸ்கேட்டிங், ஸ்கீயிங் எல்லாம் இருக்கும்போது இது ஏன் என்று கேட்பீர்கள். அவை நல்லவைதான். ஆனால் வகுப்பு, வாடகைச் சாமான், டிக்கெட் என்று புதிதாக வந்தவர்களின் கையைக் கடிக்கும். காசைக்கூட விடுங்கள். சில வாரத்தில் பிள்ளை பழகிவிடும், நீங்கள் ஓரத்துக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். புது நாட்டில் பிள்ளைகள் எல்லாவற்றிலும் நம்மை முந்திவிடுகிறார்கள். அவர்கள் பேசும் ஆங்கிலம் அந்த ஊர் ஆங்கிலமாக மாறிவிடும், பஸ் வழி அவர்களுக்குத்தான் தெரியும், பள்ளியிலிருந்து வரும் கடிதத்தை அவர்களே நமக்கு விளக்குவார்கள். எங்கள் வீட்டில் அப்பாவுக்குப் பிள்ளைகளைவிட நன்றாகத் தெரிந்தது என்று அந்த ஊரில் ஒன்று இருந்ததென்றால், அது இந்தக் குன்றில் இறங்குவதுதான்.

என் வீட்டுக்காரர் இங்கே ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்தவர். பிப்ரவரி, மார்ச்சில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், இலை கொட்டும் பருவத்தில் தரை முழுக்கச் சருகு கிடக்கும். சரிவான இடமாகப் பார்த்து, பாக்கு மட்டையில் ஒருவனை உட்காரவைத்துத் தள்ளிவிட்டால் சருகின் மேல் அப்படியே வழுக்கிக்கொண்டு போவான். சமதரையில் என்றால் மட்டையின் ஓலைப் பக்கத்தைப் பிடித்து இன்னொருவன் இழுப்பான். குதிகாலை ஊன்றினால் பிரேக், இடது காலை மட்டும் ஊன்றினால் வண்டி இடது பக்கம் திரும்பும், மரத்தில் மோதப்போனால் யோசிக்காமல் பக்கவாட்டில் உருண்டுவிட வேண்டும். டொரொண்டோ பனியிலும் இதே சட்டம்தான். இவர் இரண்டு தடவை இறங்கிக் காட்டியதும் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பையன்கள் வந்து எப்படித் திருப்புவது என்று கேட்டார்கள். என் மகன் முகத்தில் அன்றைக்கு இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே!

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் குன்று. பனி மூடிய மேடு எல்லாம் சறுக்கும் இடம் அல்ல. 2024 ஜனவரியில் டொரொண்டோ மாநகராட்சி, ஆபத்து என்று 45 குன்றுகளில் சறுக்கத் தடை போட்டுப் பலகை நட்டது. பெரிய சர்ச்சை ஆனது. எனக்கும் சிலவற்றில் அது தேவையில்லை என்றுதான் தோன்றியது. ஆனாலும் புதிதாக வந்தவர்கள் மாநகராட்சியின் இணையப் பக்கத்தில் அனுமதி உள்ள குன்றுகளின் பட்டியலைப் பார்த்துவிட்டுப் போவதே நல்லது. நகரத்துக்குள் கிறிஸ்டி பிட்ஸ் இருக்கிறது. முன்பு மணல் எடுத்த பள்ளம் அது, அதனால் சுற்றிலும் சரிவு. பிராட்வியூ பக்கம் ரிவர்டேல் பார்க் ஈஸ்ட்டில் மேலே நின்றால் டவுன்டவுன் கட்டடங்கள் வரிசையாகத் தெரியும். அங்கே சரிவு அதிகம், சின்னப் பிள்ளைகளை உச்சிக்குக் கூட்டிப்போகாமல் பாதியிலிருந்து விடுங்கள். மார்க்கம், மிசிசாகா, பிராம்டன் பக்கம் இருப்பவர்கள் அந்தந்த நகராட்சியில் கேளுங்கள்.

எந்தக் குன்றானாலும் நான் முதலில் பார்ப்பது அடிவாரத்தைத்தான். சரிவு முடிந்த பிறகு நீளமான சமதரை இருக்க வேண்டும். ரோடு, கார் நிறுத்துமிடம், வேலி, குளம் இருந்தால் திரும்பிவிடுவேன். குளத்தின் மேல் பனி மூடியிருந்தால் அது குளம் என்றே தெரியாது. மேலே ஏறும்போது ஓரமாக ஏற வேண்டும். கீழே இறங்கியதும் எழுந்து நகர்ந்துவிட வேண்டும். நம் ஆட்கள் அங்கேயே நின்று போட்டோ எடுப்பார்கள், மேலிருந்து வருகிறவனால் அவ்வளவு வேகத்தில் நிறுத்த முடியாது.

ஸ்லெட்டில் பல தினுசு உண்டு. சுருட்டி எடுத்துப்போகும் மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பை அங்கே கிரேசி கார்ப்பெட் என்பார்கள். மிக மலிவு, பஸ்ஸில் கொண்டுபோகலாம், ஆனால் ஒவ்வொரு மேடும் முதுகுத்தண்டில் தெரியும். வட்டத் தட்டு சுழன்றுகொண்டே போகும், திருப்ப முடியாது, சின்னவர்களுக்கு வேண்டாம். காற்றடித்த டியூபும் அப்படித்தான், வேகம் மட்டும் இருக்கும், கட்டுப்பாடு இருக்காது. பக்கச் சுவரும் இழுக்கக் கயிறும் உள்ள நீளமான பிளாஸ்டிக் ஸ்லெட்தான் குடும்பத்துக்கு ஏற்றது. பெரியவர் பின்னால், பிள்ளை முன்னால் உட்காரலாம். ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். தூங்கிப்போனால் அதிலேயே வைத்து பஸ் ஸ்டாப் வரை இழுத்துக்கொண்டும் வரலாம். கனடியன் டயர் போன்ற கடைகளில் எல்லாத் தினுசும் கிடைக்கும்.

உட்கார்ந்துதான் போக வேண்டும், கால் முன்னால். தலையை முன்னால் நீட்டிக் குப்புறப் படுத்துப் போகிற வேலையே வேண்டாம், பையன்கள் எல்லாரும் அதைத்தான் செய்யப் பார்ப்பார்கள். தலைக்கு ஸ்கீ ஹெல்மெட் அல்லது ஹாக்கி ஹெல்மெட் போடுங்கள்.

பனியும் எல்லா நாளும் ஒன்றல்ல. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் பனி ஈரமாகி ஸ்லெட்டை இழுத்துப் பிடிக்கும். அப்போது அடிப்பாகத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்தால் கொஞ்சம் ஓடும், கார்த்திகை தீபத்துக்கு வாங்கி மிச்சமானதை நாங்கள் அதற்குத்தான் வைத்திருந்தோம். மைனஸ் 20 பக்கம் போனால் பனி உலர்ந்து கரகரவென்று ஆகி, அப்போதும் வழுக்காது. மைனஸ் 5 சுற்றுவட்டாரம், முந்தின நாள் ஆட்கள் இறங்கி இறங்கி அழுத்திய பனி, இதுதான் சுகம். மழை பெய்து இரவில் உறைந்த மறுநாள் மட்டும் போகவே போகாதீர்கள். மேலே பனிக்கட்டி ஏடு கட்டியிருக்கும், குதிகால் ஊன்றினாலும் நிற்காது.

உடுப்பைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், விட்டுப்போனதை மட்டும் சொல்கிறேன். உள்ளே பருத்தி வேண்டாம், வியர்வையில் நனைந்தால் குளிர் ஏறிவிடும். ஜீன்ஸும் பருத்திதான், மேலே பனிச் சிலுவார் (பனிக் கால்சட்டை) இல்லாமல் குன்றுக்குப் போகாதீர்கள். காலுறை இரண்டு போட்டு பூட்ஸுக்குள் திணித்தால் ரத்தம் ஓடாமல் விரல் இன்னும் சில்லிட்டுப்போகும், ஒரு கம்பளிக் காலுறை போதும். விரல் பிரித்த கையுறையைவிட விரல்கள் ஒன்றாகக் கிடக்கும் மிட்டன் கதகதப்பு, கூடுதலாக ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். கழுத்தில் நீளமான ஸ்கார்ஃப் எதிலாவது மாட்டி இறுக்கிவிடும், தலைவழியாகப் போடும் கழுத்துறை வாங்குங்கள். இன்னொன்று: காரில் குழந்தை சீட்டில் உட்காரவைக்கும்போது தடித்த ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுப் பெல்ட்டை மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் மோதலில் ஜாக்கெட் அமுங்கிப் பெல்ட் தொளதொளத்துவிடும். ஜாக்கெட்டை மேலே போர்த்திவிடலாம்.

தெர்மாமீட்டரை மட்டும் பார்க்காமல், காற்றையும் சேர்த்துச் சொல்லும் 'விண்ட் சில்' எண்ணைப் பாருங்கள். அது மைனஸ் 28-க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்துபோகலாம் என்று கனடாவின் வானிலைத் துறையே எச்சரிக்கிறது. கன்னத்திலோ மூக்கு நுனியிலோ வெளுத்த திட்டு தெரிந்தால் தேய்க்காதீர்கள், வெறும் உள்ளங்கையை வைத்து மூடி உள்ளே கூட்டிப்போங்கள். பனியை எடுத்துத் தேய்த்தால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள்.

டிசம்பர் கடைசியில் 4:45-க்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். அதனால் காலையில் பசியாறிவிட்டுப் பத்து மணிக்குப் புறப்படுவதுதான் எங்கள் வழக்கம். ஃப்ளாஸ்கில் மைலோ, சார்டின் வைத்த ரொட்டி. வடை கொண்டுபோனால் கல்லாகிவிடும். பிள்ளைகள் "இன்னும் ஒரு தடவை" என்று கெஞ்சும்போதே கிளம்பிவிட வேண்டும். அழ ஆரம்பித்த பிறகு கிளம்பினால் அடுத்த வாரம் வரமாட்டேன் என்பார்கள். ஒன்டாரியோவில் பிப்ரவரி மூன்றாவது திங்கட்கிழமை ஃபேமிலி டே விடுமுறை, அன்றைக்கு எல்லாக் குன்றும் நிரம்பி வழியும், சீக்கிரம் போங்கள்.

தைப்பூசம் வார இறுதியில் விழுந்த ஒரு வருஷம், ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் முருகன் சந்நிதியில் கும்பிட்டுவிட்டு நேராகக் குன்றுக்கு வந்தோம். ஈப்போவிலும் பத்துமலையிலும் வெயிலில் காவடி பார்த்து வளர்ந்த எங்களுக்கு விசித்திரமாகத்தான் இருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றினால் பிள்ளைகள் நெற்றியில் விபூதி வியர்வையில் கரைந்து கண்ணில் இறங்கியிருந்தது.

சளி பிடிக்காதா என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். சளி கிருமியால் வருகிறது, ஜன்னலைச் சாத்திக்கொண்டு எல்லாரும் உள்ளேயே அடைந்து கிடந்தால்தான் அதிகம் பரவும். எங்கள் மாடியில் குடியிருந்த யாழ்ப்பாணத்து அக்கா முதல் வருஷமே சொன்னார், "பிள்ளையள வெளியில விடுங்கோ, குளிருக்குப் பயந்தா இஞ்ச சீவிக்க ஏலாது" என்று. ஊரிலிருந்து போனில் என் அம்மா மட்டும் விடவே மாட்டார். நெஞ்சில் கோடாலித் தைலம் தடவினாயா என்பதுதான் எப்போதும் முதல் கேள்வி.

ஊரிலிருந்து பெரியவர்கள் வந்தால் அவர்களையும் கூட்டிப்போங்கள், வீட்டில் உட்காரவைத்தால் இரண்டே வாரத்தில் டிக்கெட்டை மாற்றச் சொல்வார்கள். எங்களிடம் வந்திருந்த என் அம்மா, அந்தக் காலத்தில் விடியுமுன் எழுந்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போனவர். குன்றின் அடியில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏறுறதும் இறங்குறதும்தானா? இதுக்கா இவ்வளவு துணி?" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு முன்னால் அவர்தான் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நின்றார். இறங்கவில்லை, இடுப்புக்கு ஆகாது. மேலே நின்று பேரப்பிள்ளைகளைத் தள்ளிவிடும் வேலை அவருடையது. உங்கள் வீட்டுப் பாட்டிக்கும் அந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள், பூட்ஸ் மட்டும் வழுக்காத அடியாக இருக்கட்டும்.

ஒண்டுக் குடித்தனம், வைக்க இடமில்லை என்று எழுதியிருந்த தம்பிக்கு: நீளமான ஸ்லெட் கட்டிலுக்கு அடியில் போகும், வெயில் காலத்தில் அதிலேயே பனித் துணிகளைப் போட்டு வைக்கலாம். வாங்குவதை நவம்பரிலேயே வாங்கிவிடுங்கள். முதல் பெரிய பனி விழுந்த அன்றைக்குப் போனால் கடையில் வட்டத் தட்டுதான் மிச்சம் இருக்கும்.