சாலைக்காகக் குழாய், கம்பம், கம்பி மாற்றியபோது உங்கள் ஊர் ஓடைக்கு என்ன ஆனது?

ஏலாக்கரை (குழித்துறை)

சாலையை அகலப்படுத்துவதற்காகக் குடிநீர்க் குழாயை எங்கள் ஏலாவின் (வயல்வெளியின்) ஓரமாக மாற்றிப் புதைத்தார்கள். பள்ளம், மணல், குழாய், மேலே மண். நான்கே நாளில் முடித்துவிட்டுப் போனார்கள். கும்பப்பூ நெல் நட்டுப் பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. அடுத்த வாரமே வயலில் தண்ணீர் நிற்கவில்லை. நண்டு வளையாக இருக்கும் என்று வரப்பு முழுவதும் மிதித்து அடைத்தேன். மடையைத் திறந்து பாய்ச்சினால் விடிவதற்குள் சேறு தெரிகிறது.

அன்று காலை சிறுபாலத்துக்குக் கீழே இறங்கினேன். குழாய்ப் பள்ளம் முடிகிற இடத்தில் மணலுக்குள்ளிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மழை பெய்து பத்து நாளாகியிருந்தது. விரல் பருமனில், கண்ணாடி போலத் தெளிவாக வந்தது. “ஊற்று கிளம்பியிருக்கிறது” என்றார் மேற்பார்வையாளர். நானும் நம்பினேன். குனிந்து முகம் கழுவினேன், குளிர்ச்சியாக இருந்தது. பாதி வழி திரும்பிய பிறகுதான் உறைத்தது, அது என் வயல் தண்ணீர்.

வாளையார் ஓரம்

அண்ணன் சொல்வது பள்ளம். நான் பார்த்தது துளை. தொலைபேசிக் கம்பியை ஓடைக்கு அடியில் துளையிட்டுக் கொண்டுபோகும் இயந்திரத்தில் உதவியாளாக இருந்தேன். பெண்டோனைட் என்ற களிமண் குழம்பு கலந்து விடுவது என் வேலை. உள்ளே போன குழம்பு துளை வாய்க்கே திரும்பி வர வேண்டும். அன்று திரும்பி வருவது நின்றது, அழுத்தமும் இறங்கியது. சொன்னேன். “இன்னும் இரண்டு தண்டுதான், விடு” என்றார் இயக்குபவர்.

ஓடையை எட்டிப் பார்த்தேன். நடுவில் சாம்பல் நிறத்தில் கொப்பளித்தது. ஓடை முழுக்க அரிசி களைந்த நீர் போல ஆனது. அயிரைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பம்பை நிறுத்தும் பொத்தான் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் அதைத் தொடவில்லை.

ஓய்வுபெற்ற பொறியாளர் (ஊத்துக்கோட்டை)

வாளையார்த் தம்பிக்கு: பெண்டோனைட் விஷமல்ல, வெறும் களிமண். அதற்காகத் துளையிடும் முறையையே குறை சொல்லக் கூடாது. ஓடையை வெட்டிப் பிளப்பதைவிட அதுவே மேல். ஆரணி ஆற்றோரம் ஒரு முறை பள்ளத்துத் தண்ணீரை நேரே ஆற்றில் இறைத்தோம், இரண்டு நாள் ஆறு செம்மண்ணாக ஓடியது. அந்த நிறம் இன்றும் கண்ணில் நிற்கிறது.

குழித்துறை நண்பர் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். குழாய்க்கு அடியில் போடும் மணல்தான் வடிகாலாக மாறுகிறது. ஈரநிலத்துக்குள் பள்ளம் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் குறுக்கே களிமண் அடைப்பு வைக்க வேண்டும். பள்ளம் சரிவில் நீண்டு போனால் இடையிலும் வைக்க வேண்டும். மேல்மண்ணைத் தனியாகக் குவித்து, கடைசியில் மேலேயே போட வேண்டும். அடிமண் மேலே வந்தால் நாற்று பிடிக்காது. இறைக்கும் தண்ணீரை வடிகட்டிப் பைக்குள் விட்டு, புல் தரையில் பரவவிட்ட பிறகே ஓடைக்கு அனுப்ப வேண்டும். தோண்டிய மண்ணை ஓடைக் கரையில் குவிக்கக் கூடாது. குமரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஆகவே கும்பப்பூ அறுவடை முடிந்ததும் தொடங்கி, தென்மேற்கு மழைக்கு முன் மூட வேண்டும். இவை எல்லாம் சாலை ஒப்பந்தத்தில் மட்டும் இருந்தால் போதாது. குழாய், கம்பம் மாற்றுவது பெரும்பாலும் வேறு துணை ஒப்பந்தக்காரர். அவர் கையில் உள்ள வரைபடத்தில் ஓடை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

புளியரை வழி (செங்கோட்டை)

ஐயா, விஷமில்லை என்பதோடு நிறுத்திவிட்டீர்களே. அந்த நுண்மண் செவுளில் அடைத்தால் மீன் மூச்சு விடுமா? முட்டை மேல் படிந்தால் பொரியுமா? தம்பி பார்த்தது அதைத்தான்.

எங்கள் பக்கம் மின்கம்பம் மாற்றினார்கள். அடித்தளத்துக்குக் கான்கிரீட் போட்டு முடித்து, கலவை இயந்திரத்தைக் கால்வாய்ப் படித்துறையில் கழுவினார்கள். சிமென்ட் நீரின் காரம் தோலையே அரிக்கும். நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கால் விரல் இடுக்கு எரிந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். படிக்குக் குறுக்கே நின்றுவிட்டேன். “ஒரு வாளித் தண்ணீர்தானே அக்கா” என்றான் அந்தப் பையன். அவன் கையும் வெந்திருந்தது. அதைத்தான் மறக்க முடியவில்லை.

இன்னொன்று. கேரளத்தில் நெல்வயலுக்கும் ஈரநிலத்துக்கும் 2008இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஒன்றிய அரசின் 2017 ஈரநில விதிகளோ நெல்வயலையும் ஆற்று வழித்தடத்தையும் ஈரநிலக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. குமரியின் சுசீந்திரம் தேரூருக்கும் வேம்பனூருக்கும் 2022இல் ராம்சார் (உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம்) என்ற பெயர் கிடைத்தது, மகிழ்ச்சி. குழித்துறை அண்ணன் ஏலாவுக்கு எந்தப் பெயர் இருக்கிறது?

வாளையார் ஓரம்

ஐயா, நான் முறையைக் குறை சொல்லவில்லை. நிறுத்தியிருக்க வேண்டிய நேரத்தில் நிறுத்தவில்லை என்கிறேன்.

ஏலாக்கரை (குழித்துறை)

பொறியாளர் ஐயாவுக்கு நன்றி. மேல்மண்ணைப் பிரிக்கவில்லை, எல்லாம் ஒன்றாகக் கலந்துதான் மூடினார்கள். வரைபடத்தைக் கேட்டேன். ஏலாவின் இடத்தில் “காலி நிலம்” என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வயல்காரர்கள் மூவரும் நானும் மனுக் கொடுத்து, மேற்பார்வையாளரையும் நிற்க வைத்து, வரப்புக்கு நேரே பள்ளத்தைத் திறந்தோம். குழாயைச் சுற்றிக் குளத்துக் களிமண்ணை இடித்து அடைத்தோம். நேற்றுக் காலை சிறுபாலத்துக்குக் கீழே போய்ப் பார்த்தேன். விரல் பருமனில் வந்த தண்ணீர் நூல் பருமனில் வருகிறது.