கிளப்பியதுமே ஆயில் பிரஷர் முள் ஏறி நிற்கிறது, வண்டியை ஓட்டலாமா?

பாம்பன் மீன்வண்டி:
பாம்பனிலிருந்து மதுரைக்கு மீன் ஏற்றும் பழைய டீசல் லாரி வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத வண்டி. ஆயில் பிரஷர் முள் எப்போதும் ஐட்லிங்கில் (நின்றபடி மெதுவாகச் சுற்றும்போது) 2 கிலோ, ஓட்டத்தில் 4 கிலோ காட்டும். பத்து நாட்களாக அதற்குப் பேய் பிடித்திருக்கிறது. கிளப்பினால் கடைசிக் கோட்டில் போய் முட்டுகிறது. பாலத்தின் இணைப்புகளில் சக்கரம் தட்டும்போதெல்லாம் துள்ளுகிறது. ஒரு பட்டறையில், அதிகப் பிரஷரை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு இறுகிவிட்டது, சம்ப்பை (இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியை) இறக்க வேண்டும் என்கிறார்கள். இன்னொருவர், பிரஷர் அதிகமாக இருந்தால் நல்லதுதானே, ஓட்டு என்கிறார். பிரஷர் குறைந்தால் எரியும் சிவப்பு விளக்கும் எரியவில்லை, ஆயிலும் ஒரு சொட்டுக் குறையவில்லை. ஓட்டலாமா?

தொண்டி டிரைவர்:
20டபிள்யூ-50 ஊற்றிப் பாருங்கள். போன மாதம் என் வண்டியில் சூடேறினால் முள் கீழே இறங்கி ஆடியது. கெட்டியான ஆயில் ஊற்றினேன், நின்றுவிட்டது.

கீழக்கரை பட்டறை:
முள் மேலே போய் முட்டுகிறது என்பவருக்குக் கெட்டி ஆயிலா? வயிற்றுப்போக்குக்கு விளக்கெண்ணெய் கொடுத்த கதை.
பாம்பன் தம்பி, காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது, கிளப்பாமல் சாவியை மட்டும் போட்டுப் பாருங்கள். முள் எங்கே நிற்கிறது? அப்படியே ஹெட்லைட்டையும் போடுங்கள்.

பாம்பன் மீன்வண்டி:
பார்த்தேன் காக்கா (அண்ணே). கிளப்பாமலே 3இல் நிற்கிறது. ஹெட்லைட் போட்டதும் இன்னொரு கோடு ஏறியது.

கீழக்கரை பட்டறை:
சுற்றாத இன்ஜினில் 3 கிலோ எங்கிருந்து வரும்? சம்ப்பைத் தொட விடாதீர்கள். லைட்டுக்கு முள் அசைகிறது என்றால் எர்த் கோளாறு, அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழியில் கோளாறு. வயர் விஷயத்தை உச்சிப்புளிக்காரர் சொல்லட்டும்.

உச்சிப்புளி வயரிங்:
மீன் வண்டி என்றதுமே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் உப்புத் தண்ணீர்தான். அது சேஸிஸ் வழியாக இறங்கி, இன்ஜினை பேட்டரியின் நெகட்டிவோடு சேர்க்கும் எர்த் பட்டையைத் தின்றுவிடும். கச்சான் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

இன்ஜினில் திருகியிருக்கும் சென்சார், பிரஷருக்கு ஏற்ப மாறும் ஒரு மின்தடைதான். பல வண்டிகளில் பிரஷர் இல்லாதபோது சுமார் 10 ஓம், முழுப் பிரஷரில் சுமார் 180 ஓம். இடையில் எங்கே துரு ஏறினாலும் அந்தத் தடையும் சேர்ந்துகொள்ளும். மீட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். பிரஷர் ஏறியதாகவே காட்டும். சாவியைப் போட்டு, சென்சார் வயரைக் கழற்றுங்கள், முள் உச்சிக்குப் போகும். அந்த வயரை இன்ஜினின் சுத்தமான இரும்பில் தொடுங்கள், பூஜ்யத்துக்கு வரவேண்டும். வராவிட்டால் அதே வயரை நேராக பேட்டரியின் நெகட்டிவில் தொடுங்கள். அங்கே மட்டும் வந்தால் குற்றவாளி எர்த் பட்டை. சில கம்பெனி மீட்டர்களில் இது தலைகீழ். ஆனாலும் முள் இரண்டு முனைக்கும் போகவேண்டும் என்பது மாறாது.

இன்னொன்று. சென்சாரைக் கழற்றினால் மரையில் வெள்ளை டேப் சுற்றாதீர்கள். அதற்கு எர்த் கிடைப்பதே அந்த மரை வழியாகத்தான்.

பாம்பன் மீன்வண்டி:
இன்ஜினில் தொட்டால் 2 வரைதான் இறங்கியது. பேட்டரியில் தொட்டதும் பூஜ்யம். எர்த் பட்டையை விரலால் வளைத்தேன், முறுக்குப் போல ஒடிந்தது. உள்ளே முழுக்கப் பச்சைக் களிம்பு. புதுப் பட்டை போட்டு, முனைகளைச் சுரண்டி கிரீஸ் தடவினேன். இப்போது சாவி போட்டால் முள் பூஜ்யத்தில் படுத்திருக்கிறது.
ஆனால் நிம்மதி ஒரு நாள்கூட நிற்கவில்லை. குளிரில் 4 காட்டுகிறது. பரமக்குடி போய்த் திரும்பிய சூட்டில், ஐட்லிங்கில் அரை கிலோகூட இல்லை. சென்சாரும் போய்விட்டதா?

கீழக்கரை பட்டறை:
இருக்கலாம். ஆனால் இந்த முறை முள்ளின் மேல் பழி போட்டுவிட்டு ஓட்டாதீர்கள். சென்சாரைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் கை மீட்டரைப் பொருத்திப் பாருங்கள். வயர் இல்லாத மீட்டர், ஆயிலே நேராக வந்து முள்ளைத் தள்ளும். பட்டறைக் கணக்கு, நிமிடத்துக்கு 1000 சுற்றுக்குக் குறைந்தது 10 பவுண்டு, அதாவது 0.7 கிலோ பிரஷர். இன்ஜினுக்கு இன்ஜின் கொஞ்சம் மாறும்.
அதற்கு முன் இரண்டு கேள்வி. சாவி மட்டும் போட்டால் சிவப்பு விளக்கு எரிகிறதா? டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பியில்) ஆயில் எங்கே நிற்கிறது? ஒரு சொட்டுக் குறையவில்லை என்று முதலில் எழுதினீர்களே, அது எனக்கு அப்போதே உறுத்தியது. பழைய டீசல் இன்ஜின் கொஞ்சமாவது ஆயில் குடிக்கும்.

பாம்பன் மீன்வண்டி:
விளக்கு எரியவில்லை. கழற்றிப் பார்த்தால் பல்பே ஃப்யூஸ். எரியாத விளக்கை நம்பி இத்தனை நாள் ஓட்டியிருக்கிறேன்.
கை மீட்டரில் சூட்டோடு ஐட்லிங்கில் 0.4 கிலோ, 2000 சுற்றில் 1.1. டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல்கடை ஏறி நிற்கிறது. முகர்ந்தேன் காக்கா. டீசல்.

கீழக்கரை பட்டறை:
வண்டியை அப்படியே நிறுத்துங்கள். லோடு இருந்தால் வேறு வண்டியில் அனுப்புங்கள். ஆயிலில் டீசல் கலந்து தண்ணீராகிவிட்டது, பேரிங்கில் ஆயில் படலம் நிற்காது. மட்டம் மேலும் ஏறினால், இன்ஜின் அந்த ஆயிலையே இழுத்து எரித்து, நிறுத்தினாலும் நிற்காமல் கூவும்.
உறுதி செய்ய, பழைய செய்தித்தாளில் அந்த ஆயிலை ஒரு சொட்டு வையுங்கள். கறுப்பு வட்டத்துக்கு வெளியே ஈரமான வளையம் பரவும். உங்கள் வகை டீசல் பம்ப்பில் நான் முதலில் பார்ப்பது, டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் ஃபீட் பம்ப். அதன் தண்டு தேய்ந்தால் டீசல், மெயின் பம்ப்பின் அடியில் கசிந்து, அங்கிருந்து சம்ப்புக்கு வரும். இன்ஜெக்டர்களையும் சோதியுங்கள்.

பாம்பன் மீன்வண்டி:
ஃபீட் பம்ப்தான். மாற்றிவிட்டு, பழைய ஆயிலை முழுதும் வடித்து, ஃபில்டரோடு 15டபிள்யூ-40 போட்டேன். மதுரை போய் வந்த சூட்டில் கை மீட்டரில் ஐட்லிங் 1.5, 2000 சுற்றில் 3.2. நான்கு நடை ஓட்டிவிட்டேன், டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறவில்லை. சிவப்பு விளக்கு சாவிக்கு எரிந்து, கிளப்பியதும் அணைகிறது. பெட்டித் தண்ணீர் சேஸிஸில் விழாதபடி குழாய் வைத்துப் பின்னால் இறக்கிவிட்டேன்.

தொண்டி டிரைவர்:
இப்போதுதான் என் வண்டியின் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். மேல் கோட்டுக்கும் மேலே நிற்கிறது. காக்கா, இருக்கிறீர்களா?